இருபது கம்பியூட்டர் வேண்டாம், ஒன்று போதும்



நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுக் கொமண்டுக்குப் பாயாமல், முழுவதையும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். நான் எங்கேயும் ஓடிப் போகமாட்டேன்.

நம்மூர்ப் பாடசாலையின் கணினிக் கூடத்துக்கு 20 புதுக் கம்பியூட்டர் வாங்கவேண்டும் என்று நிதி சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். மொத்தம் 32 இலட்சம் ரூபா. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம் பிள்ளைகள் மூன்று நாளைக்குள் பாதிக்குக் கிட்ட வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் குறையாகச் சொல்லமாட்டேன். வெயிலில் நின்று உழைத்த காசை ஊர்ப் பிள்ளைகளுக்கென்று அனுப்புகிறவர்கள். அந்தக் காசு எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த பெருநாளைக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது முகத்தைப் பார்க்கமுடியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி, தெரியாதவர்களுக்காக. நான் கம்பியூட்டர் பட்டதாரி இல்லை. கல்வியியற் கல்லூரியில் கணிதம் படிப்பிக்கப் பயிற்சி எடுத்தவன். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பித்த சேர் இடமாற்றம் கிடைத்துப் போனபோது, "நீங்க இளந்தாரிதானே தம்பி, பார்த்துக்கொள்ளுங்க" என்று அதிபர் கூடத்துச் சாவியை என் கையில் வைத்தார். நான்கு வருடமாகிறது. இன்னும் சாவி என்னிடம்தான்.

அன்று கதவைத் திறந்தபோது உள்ளே 18 கம்பியூட்டர் இருந்தன. வேலை செய்தவை 5. இரண்டின் தாய்ப்பலகை எரிந்திருந்தது. இரண்டு மிகப் பழையவை, 32 பிட், அவற்றைத் தூக்கி ஓரமாக வைத்தேன். மிச்சம் ஒன்பது? ஒன்பதிலும் ஒரே நோய். ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. மூளை நன்றாக இருக்கிறது, நினைவகம் நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது. டிஸ்க் மட்டும் இல்லை. அதற்காக ஒன்பது கம்பியூட்டரையும் "பழுது" என்று பதிவேட்டில் எழுதி, மேலே துணி போர்த்தி, மையித்து மாதிரிக் கிடத்தி வைத்திருந்தார்கள்.

ஏன் எல்லா இடத்திலும் டிஸ்க்தான் முதலில் சாகிறது? ஒரு கம்பியூட்டருக்குள் காற்றாடியை விட்டால் ஓயாமல் சுற்றுகிற சாமான் அது ஒன்றுதான். சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது. வாசிக்கிற முனை அந்தத் தட்டுக்கு மேலே தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதியது குழம்பும். நம்மூரில் கரண்ட் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாம். போகிறதைவிட வருகிறதுதான் ஆபத்து. திடீரென்று கூடிக் குறைந்து வருகிற கரண்டில் ஒரு தவணைக்கு இரண்டு டிஸ்க்காவது போகும். அதோடு பிள்ளைகள் மணியடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சுவரில் எழுதி ஒட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் பிள்ளைகள்தான்.

இப்போது வாங்கப்போகிற இருபதிலும் டிஸ்க் இருக்கிறது. இரண்டு, மூன்று வருடத்தில் அவற்றுக்கும் துணி போர்த்தத்தான் போகிறோம்.

நான் செய்தது என்ன என்று சொல்கிறேன். செத்த டிஸ்க்குகளைக் கழற்றினேன். உயிரோடு இருந்த டிஸ்க்குகளையும் கழற்றினேன். அன்று அதைக் கண்ட அதிபர் கொஞ்சம் பயந்துதான் போனார். இருந்தவற்றில் நல்லதொன்றைச் சேர்வராக வைத்தேன். அதற்கு மட்டும் ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் நினைவகமும். மற்ற 13 கம்பியூட்டருக்கும் டிஸ்க்கே கிடையாது. சுவிட்சைப் போட்டால் வயர் வழியாகச் சேர்வரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எழும்புகின்றன. 18 இல் 14 உயிர் பெற்றன. சுவிட்ச், வயர், எஸ்எஸ்டி, நினைவகம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாவுக்கு உள்ளே முடிந்தது. பாதியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தந்தது. மற்றப் பாதியைப் பற்றி வீட்டில் யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது.

"டிஸ்க் இல்லாமல் கம்பியூட்டர் எப்படி ஓடும்" என்று ஒரு ஹாஜியார் என்னிடம் நேரடியாகவே கேட்டார். நல்ல கேள்வி. புத்தகப் பை இல்லாமல் பாடசாலைக்கு வருகிற பிள்ளையை நினையுங்கள். வாசலில் நின்று சத்தமாகக் கேட்கிறது: "நான் எந்த வகுப்பு? எங்கே இருக்க? என் புத்தகம் எது?" யாராவது ஒருவர் பதில் சொன்னால் போதும், அது போய்ப் படிக்கும். கம்பியூட்டரின் வலையமைப்பு அட்டைக்குள்ளேயே அப்படிக் கேட்கத் தெரிந்த சின்ன நிரல் ஒன்று இருக்கிறது. பிஎக்ஸ்ஈ என்று பெயர். 1990களின் கடைசியில் இன்டெல் நிறுவனம் அதை நியமமாக்கியது. அதற்குப் பிறகு வந்த அநேகமான தாய்ப்பலகைகளில் அது இருக்கிறது. உங்கள் வீட்டுக் கம்பியூட்டரிலும் இருக்கும், யாரும் எழுப்பியிருக்கமாட்டீர்கள்.

அந்த நிரல் கேட்க, சேர்வர் ஒரு முகவரியும் ஒரு கோப்பின் பெயரும் கொடுக்கிறது. அந்தக் கோப்புத்தான் ஐபிஎக்ஸ்ஈ. அது வந்திறங்கி, லினக்ஸ் கேர்னலை இழுத்துக்கொள்கிறது. கேர்னல் எழும்பி, சேர்வரிலுள்ள முழுப் பணிசெயல் முறைமையையும் வயருக்கு அப்பாலிருந்து வாசிக்கிறது. வாசிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. தற்காலிகமாக எழுதவேண்டியது எல்லாம் நினைவகத்தில், அணைத்ததும் மறைந்துவிடும். பிள்ளையின் சொந்தக் கோப்புகள் மட்டும் சேர்வரில் அவரவர் பெயரில் சேமிக்கப்படும். ஆகவே மணியடித்ததும் பிளக்கைப் பிடுங்கட்டும். நான் இப்போது கத்துவதில்லை. சேமிக்காத வேலை போகும், கம்பியூட்டருக்கு ஒன்றும் ஆகாது. பென்டிரைவில் எந்த வைரஸைக் கொண்டுவந்தாலும் சரி, மறுபடி போட்டால் சுத்தமாக எழும்பும். கணக்கெடுப்பது, கணக்குப் போடுவது எல்லாம் அந்தந்தக் கம்பியூட்டரின் மூளைதான். அதனால் சேர்வர் பெரிய இராட்சத மெஷினாக இருக்கத் தேவையில்லை.

இது நேற்று முளைத்த வித்தையும் இல்லை. டிஸ்க் பொன் விலை விற்ற 1980களில் சன் நிறுவனத்தின் கம்பியூட்டர்கள் இப்படி டிஸ்க் இல்லாமல் ஓடின. வயரில் "நான் யார்" என்று கேட்கிற முறையை 1985 இல் பில் குரொஃப்ட், ஜோன் கில்மோர் என்ற இரண்டு பேர் எழுதி, யாரும் பாவிக்கலாம் என்று பகிரங்கமாக வெளியிட்டார்கள். பிறகு லினக்ஸ் வந்ததும் தன்னார்வலர்கள் நெட்பூட் என்றும் ஈதர்பூட் என்றும் நிரல்கள் எழுதினார்கள். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் எடுத்துத் திருத்தினார். அவர் களைத்துப்போக வேறொரு நாட்டில் மூன்றாமவர் எடுத்தார். இன்று நான் பாவிக்கிற ஐபிஎக்ஸ்ஈ அந்த ஈதர்பூட்டின் வாரிசு. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி எல்டிஎஸ்பி என்ற பெயரில் 1999 இல் தொடங்கியவர் அமெரிக்காவின் ஜிம் மெக்குவிலன். ஒறிகன் மாநிலப் பாடசாலைகளில் அதை எடுத்துக் கே12எல்டிஎஸ்பி என்று பாடசாலைக்கென்றே மாற்றினார்கள். நோர்வேயில் 2001 இல் ஸ்கூலெலினக்ஸ் தொடங்கியது. பணக்கார நோர்வே! அவர்களிடம் இல்லாத காசா?

எனக்கு நெருக்கமானது கிரேக்கத்தின் கதை. 2010 இல் அந்த நாடு கடனில் மூழ்கியது. நாம் 2022 இல் பட்டதை அவர்கள் நமக்கு முன்னமே பட்டார்கள். புதுக் கம்பியூட்டர் வாங்க வழியில்லாத பாடசாலைகளில் பழையவற்றை எல்டிஎஸ்பியால் ஓட்டினார்கள். அந்தப் பாடசாலைகளின் கணினிக் கூடங்களோடு மாரடித்த அல்கிஸ் யோர்கோபூலோஸ் என்பவர்தான் 2019 இல் எல்டிஎஸ்பி முழுவதையும் புதிதாக எழுதினார். பழையதைவிட எவ்வளவோ இலகு. சேர்வரில் நீங்கள் சாதாரணமாகப் பாவிக்கிற முறைமையையே ஒரு கட்டளையால் பிள்ளைகளுக்கான பிரதியாக மாற்றிவிடலாம். ஆசிரியர் தன் இருக்கையிலிருந்தே எல்லாத் திரைகளையும் பார்க்கிற எபொப்தேஸ் என்ற மென்பொருளும் அவர்களிடமிருந்து வந்ததுதான். யார் பாடம் செய்கிறான், யார் கார் ஓட்டுகிறான் என்று எனக்கு இருந்த இடத்திலிருந்தே தெரியும். பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் பிடிக்கவில்லை.

எல்லாம் முதல் நாளே நடந்தது என்று நினைக்கவேண்டாம். முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அலுவலகத்தில் இருக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். முகவரி கொடுக்கிற வேலையை என் சேர்வரிடம் கொடுத்தேன். பாடசாலையின் றவுட்டரும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு மாமி மாதிரி. அலுவலகத்துக் கம்பியூட்டர்கள் என் சேர்வரிடம் முகவரி வாங்கிக்கொண்டு இன்டர்நெட் இல்லாமல் முழித்தன. அன்றுதான் வலயத்துக்குத் தரவு அனுப்பவேண்டிய கடைசி நாள். அதற்குப் பிறகுதான் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலில் "முகவரியை றவுட்டரே கொடுக்கட்டும், நான் கோப்பின் பெயரை மட்டும் சொல்கிறேன்" என்று வைக்கிற முறை இருப்பது தெரிந்தது. ஒரு வரி எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பழைய 100 மெகாபிட் சுவிட்சையே வைத்துப் பார்த்தேன். 13 ஐயும் ஒன்றாகப் போட்டால் ஒரு பாடவேளையில் கால்வாசி எழும்புவதற்கே போனது. பிள்ளைகளின் கம்பியூட்டர் 100 இல் இருந்தாலும் பரவாயில்லை, சேர்வரிலிருந்து சுவிட்சுக்கு வருகிற அந்த ஒரு வயர் 1000 ஆக இருக்கவேண்டும். எல்லோரும் அந்த ஒரு வாசலால்தானே போய்வருகிறார்கள். கிகாபிட் சுவிட்ச் வாங்கியதும் சரியானது.

மூன்றாவதுதான் எனக்குப் பாடம். மூன்று கம்பியூட்டரில் வலையமைப்புத் துறை மின்னலில் போயிருந்தது. பழைய சாமான் கடையில் ரியல்டெக் 8139 அட்டைகள் மூன்று வாங்கினேன். மலிவு. ஆனால் அவற்றில் வயரிலிருந்து எழுப்புகிற நிரல் இல்லை. அந்த சிப் செருகவேண்டிய இடம் வெறுமையாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. விண்டோஸ் உலகம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஐபிஎக்ஸ்ஈயின் மூலநிரல் பகிரங்கமாக இருக்கிறது. அதை இறக்கி, எங்கள் சேர்வரின் முகவரியை உள்ளே எழுதி, மறுபடி தொகுத்து, பழைய பென்டிரைவில் போட்டேன். அந்தப் பென்டிரைவைச் செருகியதும் மூன்றும் எழும்பின. கணித வாத்தியார் ஒருவன், வேறு நாட்டான் எழுதிய நிரலைத் திறந்து, தன் ஊருக்கு ஏற்றமாதிரி மாற்றினான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. களவும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கவேண்டும். "சும்மா கிடைக்கிற சொப்ட்வெயார்தானே" என்று இளக்காரமாகச் சொல்கிறார்கள். சும்மா கிடைப்பதில் இரண்டு வகை. பொதுச்சொத்து என்றால் எழுதியவர் உரிமை முழுவதையும் விட்டுவிட்டார், யாரும் எடுக்கலாம், எடுத்தவன் வேலி போட்டு அடைக்கவும் செய்யலாம். எல்டிஎஸ்பியும் ஐபிஎக்ஸ்ஈயும் அந்த வகை இல்லை. ஜிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கின்றன. எடுக்கலாம், பாவிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதை மற்றவருக்குக் கொடுத்தால் மூலநிரலோடு அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். நமக்கு வக்பு காணி என்றால் தெரியும். அதன் பயனை எல்லோரும் எடுக்கலாம், யாரும் தன் பெயருக்கு உறுதி எழுதமுடியாது. கிட்டத்தட்ட அதுதான். வக்புவின் அருமை தெரிந்த ஒரு சமூகம் இதை இளக்காரமாகப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை.

இனிக் கொமண்டில் வரப்போகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

"விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, பழைய கம்பியூட்டரை வைத்து என்ன செய்ய?" இதைத்தான் நிதி சேர்க்கிற நோட்டீசில் முதல் வரியாகப் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான இலவச ஆதரவு நின்றது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நம் கூடத்திலுள்ள ஒன்றுமே அதில் தேறாது. ஆனால் தேறாதது கம்பியூட்டரா, அந்தக் கொம்பனியின் நிபந்தனையா? அதே இரண்டாம் தலைமுறை ஐ3 இல்தான் நேற்று உயர்தரப் பிள்ளைகள் பைதன் எழுதினார்கள்.

"சோதினைக்கு மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ்தானே கேட்பார்கள்?" பாடத்திட்டத்தில் இருப்பது சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம். ஒரு கொம்பனியின் பெயரைப் பாடமாக்கி யாரும் ஏ எடுத்ததில்லை. லிப்ரே ஒஃபிஸில் விரிதாள் சமன்பாடு அதேதான். பஸ்கால் எழுத ஃபிரீ பஸ்கால் இருக்கிறது. பைதனும் மைஎஸ்க்யூஎல்லும் பிறந்ததே இந்தப் பக்கத்தில். தமிழ் தட்டச்சுக்கு நம் நாட்டு நியமமான ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸோடு வருகிறது. அதைச் சேர்வரில் ஒரு தடவை நிறுவினேன், அடுத்த நாள் 13 கம்பியூட்டரிலும் இருந்தது. முன்பு இதே வேலையை ஒவ்வொன்றாகச் செய்ய எனக்கு இரண்டு சனிக்கிழமை போகும்.

பாமினிக்காரர்கள் கோபிக்கவேண்டாம். வினாத்தாளைப் பாமினியில்தான் தரவேண்டும் என்று இன்னும் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. எழுத்துருவைப் போட்டால் லிப்ரே ஒஃபிஸிலும் திறக்கும், வரி கொஞ்சம் இடம் மாறும். யுனிகோட் வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாமினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது வேறொரு பதிவுக்கான சண்டை.

"டிஸ்க்குக்குப் பதில் எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டி போட்டால் என்ன?" தம்பிமார் இரண்டு பேர் கேட்டார்கள். 32 இலட்சத்தைவிட ஆயிரம் மடங்கு நல்ல யோசனை. சுற்றுகிற சாமான் இல்லை, வேகமும் வரும். ஆனால் 14 எஸ்எஸ்டி என்றால் 14 முறைமை. 14 இடத்தில் வைரஸ், 14 இடத்தில் புதுப்பிப்பு, 14 இடத்தில் பிள்ளைகள் அழித்த கோப்பு. நான் ஒருத்தன், ஒரு கிழமைக்கு 32 பாடவேளை கணிதமும் படிப்பிக்கிறேன். ஒரு முறைமையென்றால் பார்க்கலாம்.

"சேர்வர் பழுதானால் எல்லாமே போய்விடுமே?" போகும். மறைக்கமாட்டேன். போன வருடம் சேர்வரின் மின்வழங்கி எரிந்து இரண்டு நாள் கூடம் பூட்டிக் கிடந்தது. அதற்குத்தான் இரண்டாவதாக ஒன்று தயாராக இருக்கவேண்டும் என்கிறேன். வேறு குறைகளும் இருக்கின்றன. 2 ஜிபி நினைவகமுள்ள மெஷின்களில் உலாவியில் நான்கைந்து பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்கு இது சரிவராது. புதுக் கம்பியூட்டர் சிலவற்றில் செக்கியூர் பூட் என்பதை அணைக்காவிட்டால் ஐபிஎக்ஸ்ஈ ஏறாது. ஆனால் சேர்வர் பழுதாவது பற்றிக் கவலைப்படுகிறவர்கள், பதின்மூன்று வருடமாக ஒன்றொன்றாகப் பழுதாகி யாரும் எட்டிப் பார்க்காத அந்த ஒன்பதைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டிருக்கலாம்.

இனிக் கசப்பான விஷயம்.

20 கம்பியூட்டருக்கான கொட்டேஷனை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். வரி வரியாகப் பார்த்தேன். திரை இருக்கிறது, விசைப்பலகை இருக்கிறது, மவுஸ் பேட்கூட இருக்கிறது. விண்டோஸ் உரிமத்துக்கு ஒரு வரியும் இல்லை. ஒஃபிஸுக்கும் இல்லை. கேட்டேன். "அதெல்லாம் போட்டுத் தருவாங்க சேர்" என்று பதில். எப்படிப் போட்டுத் தருவார்கள்? கிராக் பண்ணி. அந்தக் கிராக் நிரல் ஓடுவதற்கு முன்னால் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். அணைத்த பிறகு கூடவே என்ன உள்ளே வருகிறது என்று போட்டவருக்கும் தெரியாது. கூடத்தில் பிள்ளைகளின் கோப்புகள் ஒரு தடவை அப்படித்தான் பூட்டுப்பட்டு, திறக்கக் காசு கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், ஸதகாக் காசில் வாங்கிய கம்பியூட்டருக்குள் களவெடுத்த சாமானைப் போட்டு, அதன் முன்னால் பிள்ளைகளை இருத்தி, பிஸ்மி சொல்லித் திறந்து வைக்கப்போகிறோம். நான் மௌலவி இல்லை, பத்வா கொடுக்கவரவில்லை. ஊரில் மௌலவிமார் இருக்கிறார்கள், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கம்பியூட்டருக்கு நாடா வெட்டலாம். பெயர்ப்பலகை வைக்கலாம். வரிசையாக நின்று ஃபோட்டோ எடுக்கலாம். வயருக்கும் சுவிட்சுக்கும் யார் நாடா வெட்டுவது? மேசைக்கடியில் போகிற நீல வயருக்கு முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்தால் நன்றாகவா இருக்கும்? கூடத்தின் வாசலில் ஏற்கெனவே மூன்று பெயர்ப்பலகை இருக்கின்றன. மூன்று தரம் திறந்து வைத்த ஒரே அறை. அந்த மூன்று அன்பளிப்பிலும் வந்தவைதான் துணிக்கடியில் கிடந்தன. பராமரிப்புக்கென்று ஒரு தடவையாவது யாராவது ஐயாயிரம் ரூபா தந்ததாகப் பதிவேட்டில் இல்லை.

இவ்வளவு சொன்னவன் என்ன கேட்கிறேன்? நல்ல சேர்வர் ஒன்று, 16 ஜிபி நினைவகத்தோடு. அதே மாதிரி இன்னொன்று, பழுதானால் மாற்ற. இரண்டுக்கும் எஸ்எஸ்டி, சுவிட்சுக்கும் சேர்வருக்கும் ஒரு யூபிஎஸ். பிள்ளைகளின் மெஷின்களுக்கு நினைவகம், கூடத்துக்கு ஒழுங்கான வயரிங், மின்னலுக்குத் தடுப்பு. 6 இலட்சத்துக்குள் அடங்கும். தலைப்பில் ஒன்று போதும் என்று எழுதிவிட்டு இரண்டு கேட்கிறேன் என்று பிடிக்காதீர்கள், மற்றது பூட்டிய அலுமாரிக்குள் இருக்கப்போகிறது. பிறகு, உயர்தரம் முடித்துவிட்டு பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளைகளில் ஒருவரைக் கூடத்துக்குப் பொறுப்பாக வைத்து மாதம் 25,000 ரூபா கொடுப்போம். மூன்று வருடத்துக்கு 9 இலட்சம். பிற்பகலிலும் கூடம் திறந்திருக்கும், பிள்ளைகள் பழகுவார்கள், அந்தப் பிள்ளைக்கும் கையில் ஒரு தொழில் வரும். மொத்தம் 15 இலட்சம். மிச்சம் 17 இலட்சத்தைப் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கொடுங்கள். அதன் நிலைமையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பரில் கடல் வந்து நம் வீடுகளைக் கொண்டுபோன பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்துவைக்க இந்த நாட்டு இளைஞர்கள் சேர்ந்து சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். அதையும் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள். பிறகு பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் ஹெயிட்டி பூமியதிர்ச்சிக்கும் அதைப் பாவித்தார்கள். நம் மையித்துகளுக்காக எழுதிய நிரல் வேறு நாட்டில் உயிரோடு இருந்தவர்களைத் தேட உதவியது. ஆகவே "இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம், நமக்கு ஒத்துவராது" என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

நிதிக் குழுவில் இருக்கிற காக்காமாரும் ஹாஜியார்மாரும் எனக்குப் பெரியவர்கள். உங்கள் நிய்யத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்கில்தான் சந்தேகம். வருகிற சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து ளுஹர் வரை கூடத்தைத் திறந்து வைத்திருப்பேன். உங்கள் வீட்டில் பரணில் போட்டிருக்கிற பழைய கம்பியூட்டர் இருந்தால் கொண்டுவாருங்கள், 64 பிட்டாகவும் 2 ஜிபி நினைவகமாவது உள்ளதாகவும் இருந்தால் போதும். உங்கள் கண்ணுக்கு முன்னால் டிஸ்க்கைக் கழற்றி உங்கள் கையில் தந்துவிட்டு, வயரை மட்டும் செருகி எழுப்பிக் காட்டுகிறேன். எழும்பாவிட்டால் அன்றே அந்த நிதிக்கு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தருகிறேன். எழும்பினால் கொட்டேஷனைக் கிழிக்கச் சொல்லமாட்டேன், அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் பேசத் தாருங்கள்.

டிஸ்க்கில் கல்யாண ஃபோட்டோக்கள் இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். போனமுறை ஒரு தாத்தா என்னை விடவே இல்லை.